டிங்கிக்கு மின்மோட்டார்: பயனுள்ள குறிப்புகள்

பாய்மரப் படகில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு டிங்கிதான் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர். பெரிய படகு நங்கூரத்தில் நிற்கும். காய்கறி, குடிநீர் கேன், கேஸ் சிலிண்டர், அழுக்குத் துணி மூட்டை, குழந்தைகள் எல்லாம் கரைக்கும் படகுக்குமாக அந்தக் காற்றடைத்த சின்னப் படகில்தான் போய்வர வேண்டும். அதன் பின்பலகையில் பெரும்பாலும் 2 அல்லது 3 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் தொங்கும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும். சில வாரம் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். இப்போது அந்த இடத்துக்கு மின்மோட்டார்கள் வந்துகொண்டிருக்கின்றன. இது நேற்றுப் பிறந்த யோசனை அல்ல. பாரிஸ்காரரான குஸ்தாவ் த்ரூவே 1881-இல் செய்ன் நதியில் ஓட்டிக் காட்டிய, படகிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய மோட்டார் பேட்டரியில் ஓடியதுதான். பெட்ரோல் அவுட்போர்டுகள் பரவியது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு விழிப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. கடைக்குப் போகும் முன் தூரத்தைப் பாருங்கள். வழக்கமாக எங்கே நங்கூரம் போடுகிறீர்கள், அங்கிருந்து படகுத்துறை எவ்வளவு தள்ளி என்பதைக் கைப்பேசி வரைபடத்திலேயே அளக்கலாம். ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் என்றால் மின்மோட்டார் தாராளமாகப் போதும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பவளத்திட்டுக்கு நாலு பேர் முக்குளிக்கும் சாமான்களோடு பறந்து போக வேண்டும் என்றால், இருக்கிற பெட்ரோல் மோட்டாரை விற்றுவிடாதீர்கள்.

2. பேட்டரியை யூனிட்டில் கணக்கிடப் பழகுங்கள். மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. டார்கீடோ நிறுவனத்தின் டிராவல் 1103 மோட்டாரில் உள்ள பேட்டரி 915 வாட்-மணி. இ-ப்ரொபல்ஷன் நிறுவனத்தின் ஸ்பிரிட் 1.0 பிளஸில் 1276 வாட்-மணி. அதாவது உங்கள் முழு எரிபொருள் டாங்கும் ஏறக்குறைய ஒரு யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்பது யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பெட்ரோல் மோட்டார் சூடாகவும் சத்தமாகவும் வீணடிக்கிறது என்றாலும், கையிருப்பு பெட்ரோலுக்குத்தான் அதிகம். இந்த ஒரு யூனிட்டை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் மின்மோட்டார் ஓட்டும் வித்தை. மற்றதெல்லாம் அப்புறம்.

3. மெதுவாகப் போங்கள். இந்தக் குறிப்பு ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தாலும் பாதிப் பயன் கிடைத்துவிடும். தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதோடு, எட்டடி நீளம் தண்ணீரில் படியும் படகு சுமார் 3.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைத் தொட்டதும், தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏற முயன்று மூக்கை வானத்துக்குத் தூக்கும். அதன் பிறகு கொடுக்கிற வாட் எல்லாம் அலையடிக்கத்தான் போகும். இரண்டு பேர் உட்கார்ந்த மூன்று மீட்டர் டிங்கியில் 1000 வாட் கொடுத்தால் நாலு, நாலரை நாட் கிடைக்கும். 250 வாட்டிலேயே மூன்று நாட் பக்கம் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு யூனிட் பேட்டரி முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் காலியாகும், போன தூரம் எட்டு கிலோமீட்டர். கால் சக்தியில் அதே பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும், தூரம் இருபது கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் பயணத்தில் நீங்கள் இழப்பது மூன்று, நாலு நிமிடம். பேட்டரியில் மிச்சமாவதோ பாதிக்கும் மேல்.

4. "3 குதிரைத்திறனுக்குச் சமம்" என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாதி நம்புங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 1000 வாட் மோட்டார் எப்படி மூன்று குதிரையாகும் என்று கேட்பது நியாயம்தான். நிறுவனங்கள் சொல்லும் விளக்கம், மின்மோட்டாரின் பெரிய ப்ரொப்பல்லர் நிதானமாகச் சுற்றித் தண்ணீரை நன்றாகத் தள்ளுகிறது என்பது. தள்ளுவிசையைப் பொறுத்தவரை அது உண்மை. சுமையோடு கிளம்பும்போது தெரியும். வேகத்தைப் பொறுத்தவரை மூன்று குதிரைத்திறன் பெட்ரோலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

5. திரையில் தெரியும் மீதித் தூரம் ஒரு ஜோசியம். ஜி.பி.எஸ். உள்ள மோட்டார்கள் வேகம், வாட், மீதி சார்ஜ், இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என எல்லாம் காட்டும். ஆனால் அந்தத் தூரம் இந்த நொடியின் வேகத்தையும் செலவையும் வைத்துப் போட்ட கணக்கு. நீரோட்டத்தோடு போகும்போது பத்து கிலோமீட்டர் என்று காட்டியது, திரும்பியதும் நாலு என்று காட்டும். அதனால் உலாப் போகிறவர்கள் முதலில் எதிர்க்காற்றிலும் எதிர் நீரோட்டத்திலும் போய்விட்டு, களைத்த பேட்டரியோடு காற்று தள்ளிக்கொண்டுவரத் திரும்புவது நல்லது. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது.

6. வாட் அளவையே நோய் அறியும் கருவியாகப் பயன்படுத்தலாம். அமைதியான தண்ணீரில் உங்கள் டிங்கி மூன்று நாட் போக எத்தனை வாட் கேட்கிறது என்பதை ஒருமுறை குறித்து வையுங்கள். இன்னொரு நாள் அதே வேகத்துக்குக் கூடுதல் வாட் கேட்டால் காரணம் இருக்கும். ப்ரொப்பல்லரில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கலாம், டிங்கியின் அடியில் சிப்பி ஒட்டியிருக்கலாம், காற்றுக் குழாய்கள் தளர்ந்து படகு தொளதொளவென்று வளைந்துகொண்டிருக்கலாம். பாசி என்றால் ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்தாலே பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். தங்கூசி நரம்பு மட்டும் அப்படி அவிழாது. அது ப்ரொப்பல்லருக்குப் பின்னே நுழைந்து தண்டில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் புகாமல் காக்கும் சீலை அறுக்கும். அவ்வப்போது ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள்.

7. மின்மோட்டாரில் இரண்டு குடும்பம் உண்டு. பேட்டரியைத் தலையிலேயே சுமக்கும் ஒருங்கிணைந்த மோட்டார்கள் ஒன்று. தனியாக 12 வோல்ட் பேட்டரி வைத்து ஒயரில் இணைக்கும் ட்ரோலிங் மோட்டார்கள் இன்னொன்று. இரண்டாவது ரகம் ஏரியில் மீன்பிடிக்கப் பிறந்தது. அமெரிக்காவின் மின் கோட்டா நிறுவனம் 1934 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. விலை மலிவு. கடலுக்கு வாங்குவதானால் உப்புநீருக்கென்று செய்த மாடலா என்று கேட்டு வாங்குங்கள். நன்னீர் மாடல் கடலில் ஓடும்தான், ஆனால் உப்பு அதை நெடுநாள் விட்டுவைக்காது.

8. ட்ரோலிங் மோட்டார் வாங்கினால் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். 55 பவுண்டு தள்ளுவிசை மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி கால் டன் போல் கனக்கும் என்று தோன்றும். உண்மையில் 25 கிலோவுக்கு மேல். அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம், மேலே எடுத்தால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 11 முதல் 13 கிலோ, ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். தடித்த ஒயர் போடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் அல்லது பிரேக்கர் வையுங்கள். பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் வைத்துப் படகோடு கட்டுங்கள். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் செய்பவர்கள், முனைகளின் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் என்ன ஆகும் என்று யாராவது எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

9. படகிலிருந்து டிங்கிக்கு மோட்டாரை இறக்கும்போது, கை மாறும் முன் கயிறு கட்டுங்கள். மின்மோட்டாரின் பெரிய வசதி இங்கேதான்: மொத்தம் 15 முதல் 20 கிலோ இருந்தாலும் தண்டு தனி, பேட்டரி தனி, கைப்பிடி தனி என்று பிரித்து இறக்கலாம். வயதானவர்களும் செய்ய முடியும். ஸ்பிரிட் போன்ற சில மோட்டார்களின் பேட்டரி தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். தண்டு மிதக்காது. கட்டிய கயிறு, தண்டு பின்பலகையில் திருகப்பட்ட பிறகும் அவிழ்க்கப்படாமல் இருக்கட்டும். கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத் திருகுகளை இன்னொரு முறை முறுக்குங்கள், அதிர்வில் தளரும்.

10. தண்டின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். டிங்கிகளின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குல உயரம். குட்டைத் தண்டு போதும். ப்ரொப்பல்லர் முழுவதும் நீருக்குள் இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சினால் சத்தம் வரும், வேகம் வராது.

11. தனியாகப் போகும்போது பின்னால் குந்தாதீர்கள். ஓட்டுநர், பேட்டரி, மோட்டார் மூன்றும் பின்கோடியில் சேர்ந்தால் படகு நிமிர்ந்துவிடும். காற்று அடியில் புகுந்தால் கவிழவும் செய்யும். கைப்பிடிக்கு நீட்டுக் குழாய் ஒன்று வாங்கி மாட்டி, நடுவில் உட்காருங்கள். வேகமும் அரை நாட் கூடலாம்.

12. காந்தச் சாவிக்கு உரிய மரியாதை கொடுங்கள். பெரும்பாலான ஒருங்கிணைந்த மின்மோட்டார்களில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நுனியில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதை மோட்டாரில் ஒட்டினால்தான் ஓடும். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு மோட்டார் நிற்கும். இதில் மூன்று விஷயம். அதைக் கையில் கட்டாமல் மோட்டாரிலேயே விட்டுவைப்பது, லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை மார்புப் பையில் போடக் கூடாது. பணப்பையோடு சேர்த்து வைத்தால் காந்தப் பட்டை உள்ள அட்டை பாழாகும், திசைகாட்டியின் பக்கத்தில் வைத்தால் முள் பொய் சொல்லும். உபரியாக ஒரு சாவி வாங்கிப் பெரிய படகில் வையுங்கள்.

13. சத்தம் இல்லாததே ஆபத்து. பெட்ரோல் மோட்டார் வருவது நூறு மீட்டருக்கு முன்பே காதில் விழும். மின்மோட்டார் அருகில் வரும்வரை நீந்துபவருக்குத் தெரியாது. நங்கூரமிட்ட படகுகளுக்கு நடுவே போகும்போது ஆள் நடக்கும் வேகம் போதும். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். இன்னொன்று: மோட்டார் ஓடத் தயாராக இருப்பது பார்த்தால் தெரியாது. குழந்தை கைப்பிடியைத் தொட்டாலே ப்ரொப்பல்லர் சுற்றும். யாராவது ஏறும்போதும் இறங்கும்போதும், பக்கத்தில் ஆள் நீந்தும்போதும் சாவியை எடுத்துவிடுங்கள்.

14. துடுப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பக்கத்துப் படகில் ஒரு லிட்டர் இரவல் கேட்க முடியாது. துடுப்பு இரண்டு, சின்ன நங்கூரம் ஒன்று, போதிய கயிறு, தண்ணீர் புகாத உறையில் கைப்பேசி. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் இவை இன்னும் அவசியம். 20 நாட் எதிர்க்காற்றில் காற்றடைத்த டிங்கியைத் துடுப்பால் தள்ளுவது பயில்வானுக்கும் கடினம். அப்போது நங்கூரத்தைப் போட்டுவிட்டு உதவிக்கு அழைப்பதே புத்திசாலித்தனம்.

15. இரவில் விளக்கு. ஏழு மீட்டருக்குள் நீளமும் ஏழு நாட்டுக்குள் உச்ச வேகமும் உள்ள மோட்டார்ப் படகு, எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வைத்தால் போதும் என்று சர்வதேசக் கடல் விதி சொல்கிறது. முடிந்தால் பக்க விளக்குகளும் வைக்க வேண்டும். நெற்றியில் மாட்டும் டார்ச் அதற்குப் பதிலாகாது.

16. கரை நெருங்கும்போது முன்கூட்டியே மோட்டாரைத் தூக்குங்கள். மணலில் ப்ரொப்பல்லர் உரசினால் முனை மழுங்கும், கல்லில் பட்டால் உடையும். கடைசிப் பத்து மீட்டருக்குத் துடுப்பு. உபரி ப்ரொப்பல்லரும் அதன் ஊசியும் நட்டும் ஒரு செட் கையில் இருக்கட்டும், தீவுகளில் கிடைக்காது.

17. சூரியத் தகட்டிலிருந்தே டிங்கியை ஓட்டிவிடலாம், கணக்கு எளிது. மூன்று நாட் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 45 வாட்-மணி ஆகும். போய்வர 90. ஒரு நாளில் மூன்று முறை கரைக்குப் போய்வந்தால் 270. நல்ல வெயில் உள்ள இடத்தில் 100 வாட் தகடு ஒரு நாளைக்கு 300 முதல் 400 வாட்-மணி தரும். ஆக டிங்கிக்கென்றே ஒரு தகடு ஒதுக்கினால் பெட்ரோல் கேன் தேவையில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி பட்டால் போதும். அந்தக் கேன் படகைவிட்டு இறங்குவதே மின்மோட்டாரின் முதல் லாபம் என்பது என் கட்சி. பெரிய படகின் 12 வோல்ட்டிலிருந்து நேரே சார்ஜ் செய்யும் சார்ஜர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இன்வெர்ட்டர் வழியாக வீட்டு சார்ஜரை ஓட்டினால் வழியில் கொஞ்சம் மின்சாரம் கசியும். மலிவு இன்வெர்ட்டர் சார்ஜரைச் சூடாக்கவும் செய்யும்.

18. பேட்டரியை எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம் போலத் தோன்றும். லித்தியத்துக்கு அது ஆகாது. மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், நிழலில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் ஓடிச் சூடான பேட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். குளிர்நாட்டில் இருப்பவர்கள் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது யாராவது விழித்திருக்க வேண்டும். உப்பிய, அடிபட்ட, உள்ளே நீர் புகுந்த பேட்டரியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

19. உப்புதான் எதிரி. ஒவ்வொரு நாளும் இணைப்பு முனைகளை நன்னீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பயன்படுத்தாதபோது மூடி போடுங்கள். முனைகளில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். தண்டிலுள்ள அரிப்புத் தடுப்புத் துண்டு கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம்; பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் அது வேலையே செய்யாது. ஓடாத நேரத்தில் தண்டைத் தண்ணீரில் விட்டுவைக்காதீர்கள்.

20. பெரிய படகு பயணம் கிளம்பும்போது டிங்கியில் மோட்டாரை விட்டு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கழற்றிப் பெரிய படகின் பின்கம்பியில் மாட்டுங்கள். காற்றே இல்லாத நாளில், பெரிய படகின் எஞ்சின் கோளாறானால், டிங்கியைப் பக்கவாட்டில் கட்டி அந்த 1000 வாட்டில் ஆறேழு மீட்டர் படகை மெல்ல நகர்த்திவிடலாம். அலையிலும் காற்றிலும் முயலாதீர்கள்.

21. திருட்டு. "தூக்கு, பூட்டு, இல்லையேல் இழ" என்பது கரீபியன் தீவுகளில் படகுக்காரர்கள் சொல்வது. இரவில் டிங்கியைத் தண்ணீரிலிருந்து தூக்கி, எஃகுக் கம்பி போட்டுப் பூட்டுவார்கள். கரையில் விடும்போது பேட்டரியையும் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு போனால் மோட்டார் ஓடாது. ஆனால் அது திருடனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! பூட்டும் போடுங்கள்.

22. விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் பெட்டியிலும் கைப்பையிலும் கொண்டுபோக அனுமதி இல்லை. உபரி பேட்டரி தேவையென்றால் பெரும்பாலும் கப்பலில்தான் வரும், அதற்கு நாளாகும். முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள்.

23. உள்ளூர் விதியைக் கேளுங்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல் படகுக்கு உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டார்கீடோ நிறுவனம் 2005-இல் அந்த ஏரிக்கரையில் பிறந்ததற்கு அதுவே காரணம். அதே பவேரியாவின் கோனிக்ஸ்ஸே ஏரியில் பயணிகள் படகுகள் 1909 முதல் மின்சாரத்தில் ஓடுகின்றன. இதுபோன்ற இடங்களில் மின்மோட்டார் இருந்தால் வழி திறக்கும். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில், துடுப்புப் படகில் சின்ன ட்ரோலிங் மோட்டார் மாட்டினாலும் அது மோட்டார்ப் படகுதான். பதிவு எண் வேண்டும்.

24. விலை. ஒருங்கிணைந்த மின்மோட்டாரின் விலை சின்ன பெட்ரோல் மோட்டாரைவிட அதிகம், சில வருடங்களில் பேட்டரியும் மாற்ற வேண்டிவரும். பெட்ரோலில் மிச்சம் பிடித்து அதை ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கரைக்குப் போய்வரும் டிங்கி அவ்வளவு பெட்ரோல் குடிப்பதில்லை. சத்தமின்மைக்கும், நாற்றமின்மைக்கும், வீட்டில் எல்லோரும் எடுத்து ஓட்டும் எளிமைக்கும் கொடுக்கும் விலை அது. மூன்று நாட் வேகம் போதும் என்று மனம் ஒப்புகிறவர்கள் வாங்கலாம். ஒப்புமா என்று தெரியாதவர்கள், பக்கத்துப் படகுக்காரரிடம் ஒரு மாலை இரவல் கேட்டு, நல்ல எதிர்க்காற்றில் முழுக் குடும்பத்தையும் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.